சுருள் விளக்கு அணையும்வரை

இப்ரி சனாயாவில் இரண்டு வண்டிகள்.
இரண்டும் வெள்ளை. இரண்டுக்கும் நான்கு சக்கரமும் இழுக்கும்.
இரண்டும் ஹமூதுடையவை.
விலையில் அறுநூறு ரியால் வித்தியாசம்.

ஒன்றுக்கு எட்டு சிலிண்டர், டர்போ.
மிதித்தால் முதுகு சீட்டில் ஒட்டிக்கொள்கிறது.
மற்றதற்கு வரிசையாக ஆறு. டர்போ கிடையாது.
மிதித்தால், "மிதித்தாயா?" என்று கேட்டுவிட்டுத்தான் நகர்கிறது.

வேதமணிக்கு எட்டு.
எனக்கு எதுவென்று எனக்கே தெரியவில்லை.
அவன் பணம் பாதி, என் பணம் பாதி,
கிணற்று மோட்டார் கழற்றிப் பூட்டிய நான்கு வருஷம்.

"பஹூத் ரோட்டுல ஒரு லாரியை முந்தணும்னா
இந்த ஆறை வெச்சு
அடுத்த பெருநாளுக்குள்ள முந்திடலாம்" என்றான்.
சிரித்தேன். சிரித்தது தப்பு.
சம்மதமென்று எடுத்துக்கொண்டான்.

பானெட்டில் கை வைத்தேன்.
எட்டு வெதுவெதுப்பாக இருந்தது,
இப்போதுதான் யாரோ எழுந்துபோன நாற்காலி மாதிரி.
நாங்கள் வருமுன்னே ஓடவிட்டுச் சூடேற்றியிருக்கிறார்கள்.
ஹமூத் வேறெங்கோ பார்த்தார்.
காவா வந்தது, பேரீச்சம்பழம் வந்தது.
நான் ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் சொல்லாமல் போனோம்.
ஜனவரி. பள்ளிவாசல் வாசலில்
செருப்புத் தேடிக்கொண்டிருந்த ஹமூத்
எங்களைப் பார்த்ததும் இரண்டு சாவியையும் நீட்டினார்.
மனிதர் பொய் சொல்லத் தெரியாதவர்,
மறைக்க மட்டும் தெரிந்தவர்.

எட்டு ஒரே திருகில் எழுந்தது.
பின்னால் நீலமாகப் புகை,
சுவரோரம் போய் நின்றுகொண்டு கலையவே இல்லை.
"குளிருக்கு" என்றார் ஹமூத்.
குளிருக்கு வெள்ளை வரும்.
நீலம், எஞ்சின் எண்ணெய் குடிக்கிற நிறம்.

ஆறுக்குச் சாவியைப் பாதி திருப்பிக் காத்திருக்க வேண்டும்.
சுருண்ட கம்பி போல் ஒரு மஞ்சள் விளக்கு.
அது அணையும்வரை
மூன்று பேரும் குனிந்து அதையே பார்த்திருந்தோம்.
பிறகு தகர டின்னில் கொண்டைக்கடலை கொட்டியதுபோல ஒரு சத்தம்,
கொஞ்சம் வெள்ளை,
அப்புறம் புகைக்குழாயில் ஒன்றுமேயில்லை.
எண்ணெய் மூடியைத் திறந்து அங்கேயே கவிழ்த்து வைத்தேன்.
நடுங்கியது. விழவில்லை.

"டைமிங் பெல்ட் எப்ப மாத்தினது?"
ஹமூத் விரலை வானத்துக்கு உயர்த்தினார்.
அது அறுந்தால் உள்ளே வால்வெல்லாம் வளைந்துவிடும்.
எட்டில் செயின், அந்தக் கவலை இல்லை
என்று வேதமணி சரியாகவே பிடித்தான்.
ஆறும் உத்தமனில்லை.

அப்போதுதான் போன ஜூலையைச் சொன்னேன்.
அவன் தங்கை கல்யாணத்துக்குப் போயிருந்த வாரம்.
பழைய வண்டியின் கம்ப்யூட்டருக்கு ஏதோ சந்தேகம் வந்து
ஓடுகிற எஞ்சினை அதுவே நிறுத்திவிட்டது.
எஞ்சினில் குறையில்லை.
நகத்தளவு ஒரு சென்சார்.
ஏழு மணி நேரம், வண்டியின் நிழல் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்.
ரேடியேட்டர் தண்ணீரைக் குடிக்கலாமா என்று
மூடிமேல் துணி போட்டுப் பிடித்தேன். அதுவரை சொன்னேன்.

"ஏன்டா அப்பவே சொல்லல?"
"முப்பது ரியால் சாமானுக்காக அழுதேன்னு
எப்படிச் சொல்றது?"

வேதமணி எட்டைச் சுற்றி ஒருமுறை நடந்தான்.
அதன் டயரைக் காலால் தட்டினான்,
விடைகொடுப்பது போலவும் இருந்தது,
உதைப்பது போலவும் இருந்தது.

பெல்ட்டுக்கென்று எழுபது ரியால் குறைத்தார் ஹமூத்.
உபரி டயரைத் தர மாட்டேன் என்றார், பிறகு தந்தார்.
மதியத்துக்குள் முல்கியா எங்கள் பேருக்கு வந்தது.

திரும்பும் வழியில் ஏற்றத்தில் ஏசியை அணைத்தேன்.
வேதமணி ஜன்னலுக்கு வெளியே கைநீட்டி
ஒவ்வொரு லாரியையும் போ, போ என்று அனுப்பினான்.
கடைசியாக ஒட்டகம் ஏற்றிய ஒரு பிக்கப் தாண்டிப் போனது.
மூன்று ஒட்டகங்களும் பின்பக்கம் பார்த்து நின்றன.
மேடு ஏறி மறையும்வரை
எங்களையே பார்த்துக்கொண்டு போயின.